‘எங்கள் வழக்கம் இது’: மரபின் பெயரால் பெண்கள் மீது நடக்கும் வன்முறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலவழக்கம், ஊர்க்கட்டுப்பாடு, சம்பிரதாயம், மானம் என்று பெயர்கள் பல. இந்தப் பெயர்களைச் சொல்லிப் பெண்களை அடிப்பது, வெட்டுவது, அடைத்து வைப்பது, சொத்தில் பங்கில்லை என்று அனுப்பிவிடுவது பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதிப் பேர் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். மீதிப் பேர் பேச்சை நிறுத்தக் கேட்கிறார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான்.

எந்தெந்த வழக்கங்களைச் சொல்கிறீர்கள்?

பட்டியல் நீளம். சிறுமிகளின் பெண்ணுறுப்பைச் சிதைப்பது, குழந்தைத் திருமணம், கட்டாயத் திருமணம், பெண்ணைத் தூக்கிவந்து கட்டிக்கொள்வது, வரதட்சணைக் கொடுமை, மானத்தின் பேரால் கொலை, சூனியக்காரி என்று முத்திரை குத்தி அடிப்பது, மாதவிலக்கு நாட்களில் தனிக் கொட்டகைக்கு அனுப்புவது, கைம்பெண்ணை ஒதுக்குவது, மகளுக்கு நிலத்தில் உரிமை இல்லை என்பது. பெண்ணுறுப்புச் சிதைப்பு மட்டும் எவ்வளவு பரவலானது என்று பாருங்கள். அதற்கு ஆளாகி இன்று உயிரோடு இருக்கும் பெண்களும் சிறுமிகளும் 23 கோடிக்கும் மேல் என்று யுனிசெஃப் 2024-இல் கணக்குச் சொன்னது. குழந்தையாக இருக்கும்போதே மணம் முடிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 64 கோடி.

மரபு என்றாலே தப்பா? எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு வழக்கம் பற்றிச் சந்தேகம் வந்தால் இரண்டு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். இதில் வலியோ இழப்போ யாருக்கு? மாட்டேன் என்று அவள் சொன்னால் என்ன நடக்கும்? தாலாட்டுப் பாட மறுத்த பெண்ணை யாரும் கொளுத்தவில்லை. ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு அடியும் ஒதுக்கலும் சாவும் பதிலாக வரும் வழக்கங்கள்தான் இங்கே பேச்சு.

இதெல்லாம் தொன்றுதொட்டு வருவதுதானே? நேற்று முளைத்தவர்கள் எப்படி மாற்றலாம்?

முதலில், ‘தொன்றுதொட்டு’ என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதில் ஓட்டை இருக்கும்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் ‘தமிழர் வழமைச் சட்டம்’ என்று சொல்வதை எழுத்தில் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. ஆண்டு 1707. தொகுத்ததைத் தமிழில் பெயர்த்து, முதலியார் பட்டம் பெற்ற உள்ளூர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் சரி என்றார்கள். அவ்வளவுதான், அதுவரை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நெகிழ்ந்து கிடந்த வழக்கம் சட்டமாக உறைந்துவிட்டது. எந்தப் பெண்ணிடமாவது ‘உங்கள் வழமை என்ன’ என்று கேட்டதாகச் செய்தி இல்லை. பிறகு 1911-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டம், மணமான பெண் தன் பேரில் இருக்கும் காணியை விற்க வேண்டுமானால்கூடக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்றது. அவன் காரணமில்லாமல் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாம். சீதனமாக அவளுக்கே வந்த நிலம், விற்க அவன் கையெழுத்து! இதில் எது முன்னோர் வாக்கு, எது காலனி அதிகாரியின் பேனா என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை.

கிர்கிஸ்தானில் ‘அலா கச்சூ’ என்று ஒன்று இருக்கிறது. ‘பிடித்துக்கொண்டு ஓடு’ என்ற பொருளில் வரும் சொல். வீதியில் போகும் பெண்ணைக் காரில் தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையில் வெள்ளைத் துணியைப் போர்த்தினால் கல்யாணம் முடிந்தது என்பார்கள். நாடோடிக் காலத்திலிருந்து வரும் பழக்கம் என்று ஊரில் நம்பிக்கை. ஆய்வாளர்கள் சொல்வது வேறு. பழைய காலத்தில் நடந்தவற்றில் பெரும்பாலானவை, பெற்றோர் ஒப்பாதபோது காதலர்கள் பேசிவைத்துக்கொண்டு ஓடிப்போனவை. பெண்ணின் சம்மதமே இல்லாமல் கடத்துவது 20-ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது என்கிறார்கள். இந்தக் கடத்தல் கார் ஓடத் தொடங்கிய பிறகு வளர்ந்த மரபு.

இரண்டாவது, பழையது என்பதே உண்மையாக இருந்தாலும் அது காரணம் ஆகாது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடக் கூடாது என்பது ‘வழக்கம்’. தாழ்ந்த சாதி என்று தாங்கள் வைத்தவர்கள் தங்களுக்கு முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று மேல்சாதியினர் வைத்த விதி அது. மேலாடை போட்ட பெண்களைச் சந்தையில் வழிமறித்துத் துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். தோள்சீலைப் போராட்டம் 1820-கள் தொடங்கி விட்டு விட்டு நடந்தது. கடைசியில் 1859-இல் அரசர் இறங்கிவந்து அறிவிப்புக் கொடுத்தார். அதிலும் ஒரு வால்: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது. தோற்றுப்போன வழக்கம்கூட வாசல்படியில் நின்று பேரம் பேசுகிறது!

மதமே சொல்கிறதே, அதை எப்படி மீறுவது?

பெண்ணுறுப்புச் சிதைப்பைப் பாருங்கள். முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் செய்கிறார்கள், கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் செய்கிறார்கள், ஆப்பிரிக்க மரபு நம்பிக்கைகளைப் பின்பற்றுவோரும் செய்கிறார்கள். இதே மதங்களைச் சேர்ந்த கோடிக்கணக்கானோர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. குர்ஆனிலும் இல்லை, பைபிளிலும் இல்லை. ஒரே வழக்கத்துக்கு மூன்று மதமும் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது என்றால், வழக்கம் முதலில் இருந்தது, சாட்சியம் பிறகு தேடப்பட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

உடன்கட்டையிலும் இதே கதை. 1829 டிசம்பர் 4-ஆம் தேதி ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் வங்காளத்தில் அதைத் தடைசெய்தபோது சாத்திரம் காட்டி எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அதே சாத்திரங்களைப் புரட்டி, கைம்பெண் நோன்பிருந்து வாழ்வதே மேல் என்று காட்டினார் ராம்மோகன் ராய். எதிர்த்தவர்கள் மேல்முறையீட்டுக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1832-இல் தோற்றுத் திரும்பினார்கள்.

இது பின்தங்கிய நாடுகளின் பிரச்சினை இல்லையா?

இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பெயர் ஃபிராங்கா வியோலா. இத்தாலி, சிசிலித் தீவு, அல்காமோ என்ற ஊர். 1965, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். 17 வயதுப் பெண். முன்பு நிச்சயம் பேசி முறித்துக்கொண்ட ஒருவன், ஆயுதம் ஏந்திய கூட்டாளிகளோடு வீட்டுக்குள் புகுந்து அவளைத் தூக்கிப் போனான். காலைக் கட்டிக்கொண்டு விடாமல் கதறிய எட்டு வயதுத் தம்பியையும் சேர்த்துத் தூக்கினார்கள், பிறகு அவனை மட்டும் விட்டார்கள். எட்டு நாள் அடைத்து வைத்துப் பாலியல் வன்முறை செய்தான். அவன் கணக்கு எளிமையானது. கெடுத்தவனே கட்டிக்கொண்டால் அந்தக் கல்யாணத்தோடு குற்றமும் தீர்ந்தது என்று இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544-ஆம் பிரிவு சொன்னது. ஊரும் அதையே சொன்னது. மானம் திரும்ப வேண்டுமானால் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஃபிராங்கா மாட்டேன் என்றார். அப்பா மகள் பக்கம் நின்றார். அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தைக் கொளுத்தினார்கள். அப்பா அசையவில்லை. 1966-இல் அவனுக்குப் 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, தனக்குப் பிடித்த ஒருவரை ஃபிராங்கா மணந்தார். இத்தாலியக் குடியரசுத் தலைவர் கல்யாணப் பரிசு அனுப்பினார்.

சட்டம் எப்போது மாறியது தெரியுமா? 1981. மனைவி, மகள், சகோதரியின் ‘தகாத உறவு’ கண்டு ஆத்திரத்தில் கொன்றவனுக்கு 3 முதல் 7 ஆண்டு என்று தண்டனையைக் குறைத்துக் கொடுத்த 587-ஆம் பிரிவும் அதே ஆண்டில்தான் போனது. ஐரோப்பாவின் நடுவில், தொலைக்காட்சிப் பெட்டி எல்லா வீட்டிலும் வந்த பிறகு. கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் சட்டப்பிரிவைத் துனிசியா, ஜோர்டான், லெபனான் மூன்றும் 2017-இல் நீக்கின. மொரோக்கோ 2014-இல் திருத்தியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அங்கே ஒரு சிறுமி அப்படிக் கட்டிவைக்கப்பட்டுத் தற்கொலை செய்துகொண்டிருந்தாள்.

பெண்களே தானே பெண்களுக்குச் செய்கிறார்கள்? மாமியார், பாட்டி, அம்மா...

உண்மைதான். பெரும்பாலான ஊர்களில் பெண்ணுறுப்பைச் சிதைக்கும் கத்தி ஒரு மூதாட்டியின் கையில்தான் இருக்கிறது. சிறுமியின் கால்களைப் பிடித்துக்கொள்பவர்கள் அத்தைகள். சீனத்தில் ஐந்து, ஆறு வயது மகளின் விரல்களை மடக்கிப் பாதத்தை இறுக்கிக் கட்டி, எலும்பு முறிய முறிய நடக்கவிட்டவர் பெற்ற தாய். ஆயிரம் ஆண்டுக்கு அருகில் நடந்த வேலை அது.

இதைச் சொல்பவர்கள் பொதுவாக இங்கே நிறுத்திவிடுவார்கள், ‘பார்த்தாயா, ஆண்கள் மேல் பழியைப் போடுகிறாய்’ என்று. நிறுத்தாமல் ஓரடி மேலே போய், அந்தத் தாய் என்ன கணக்குப் போடுகிறாள் என்று பார்க்க வேண்டும். அவளுக்கு வேறு சொத்து இல்லை. நிலம் கணவன் பேரில். மகளுக்குப் பிழைப்பு என்றால் கல்யாணம் ஒன்றுதான். கட்டாத பாதத்தோடு, வெட்டாத உடம்போடு, வயசு கடந்து இருக்கும் பெண்ணை எடுக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. மகள் மேல் பாசம் இல்லாதவள் அப்படிச் செய்யவில்லை. பாசம் இருப்பவளுக்கு விட்டுவைக்கப்பட்ட வழி அது ஒன்றுதான்.

மாமியார் விஷயம் கொஞ்சம் வேறு. தான் இருபது வருடம் பட்டதற்குக் கிடைத்த ஒரே பதவி அது. மருமகள் படவில்லை என்றால் தான் பட்டது எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியோடு வாழ்வது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. இதை நியாயமாகச் சொல்லவில்லை, எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். அடித்தது பெண் என்றாலும் குற்றம் குற்றம்தான்.

அப்படியானால் ஒரு தாய் தனியாக என்ன செய்ய முடியும்?

தனியாக மிகக் குறைவு. அதனால்தான் வீடு வீடாக அறிவுரை சொல்லிப் பார்த்த திட்டங்கள் பல தோற்றன. கேட்ட தாய் தலையாட்டுவாள், வீட்டுக்குப் போனதும் ‘மற்றவர்கள் செய்யும்போது என் மகள் மட்டும் எப்படி?’ என்று பழைய வேலையைச் செய்வாள். அவள் பயம் வீண் பயம் இல்லை.

சீனத்தில் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் கெட்டிக்காரத்தனமானது. 1890-களில் ஊருக்கு ஊர் சங்கங்கள் எழுந்தன. சேருகிறவர்கள் இரண்டு வாக்கு கொடுக்க வேண்டும்: என் மகளின் பாதத்தைக் கட்ட மாட்டேன், பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்க மாட்டேன். இரண்டாவது வாக்கில்தான் உயிர் இருக்கிறது. கட்டாத பெண்களுக்கு மாப்பிள்ளைகள் தயாராக இருக்கும் ஒரு கல்யாணச் சந்தையை அது கையோடு உண்டாக்கிவிட்டது. 1912-இல் புதிய குடியரசு தடையும் போட்டது. சில கிராமங்களில் 1940-கள் வரை இழுத்தது என்றாலும், ஆயிரம் ஆண்டுப் பழக்கம் இரண்டு தலைமுறைக்குள் போயிற்று.

செனகலில் மலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், டோஸ்டான் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய எழுத்தறிவு, உடல்நல வகுப்புகளில் உட்கார்ந்து பேசிப் பேசி, 1997 ஜூலையில் ‘இனி எங்கள் ஊரில் பெண்ணுறுப்பை வெட்டுவதில்லை’ என்று ஊரறிய அறிவித்தார்கள். பாராட்டைவிட வசவுதான் அதிகம் வந்தது. அப்போது பக்கத்து ஊர் இமாம் டெம்பா டியாவரா ஒரு விஷயத்தைச் சொன்னார்: நாம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன, அவர்களைக் கேட்காமல் நாம் மட்டும் முடிவெடுத்தால் நிற்காது. சொன்னதோடு நிற்காமல், சொந்தபந்தங்கள் இருக்கும் ஊர் ஊராக நடந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன. பிறகு ஆயிரக்கணக்கில் பெருகியது. செனகலில் இன்னும் முழுக்க நின்றுவிடவில்லை. ஆனால் ஓர் உறவு வட்டம் மொத்தமும் ஒரே நாளில் கைவிடும்போது எந்தத் தாயும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை என்பதை அந்த இமாமின் நடை காட்டிவிட்டது.

மனித உரிமை, சமத்துவம் எல்லாம் மேற்கிலிருந்து வந்த சரக்குதானே?

1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, ‘ஆண்கள் அனைவரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள்’ என்று பொருள்படும் வாசகத்தோடுதான் வரைவில் இருந்தது. அதை ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் பிரதிநிதி ஹன்சா மேத்தா. ஆப்பிரிக்க நாடுகள் தாங்களே கூடி 2003-இல் மபுட்டோவில் எழுதிய பெண்ணுரிமை ஒப்பந்தம், பெண்ணுறுப்புச் சிதைப்பைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1880-களில், பதினொரு வயதில் தனக்குக் கட்டிவைத்தவனோடு வாழப் போக மாட்டேன் என்று பம்பாய் நீதிமன்றத்தில் நின்ற ருக்மாபாய், வேண்டுமானால் சிறைக்குப் போகிறேன் என்றார். அவருக்கு அந்த மறுப்பை எந்த வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தான்? சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்க 1927-இல் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி தீர்மானம் கொண்டுவந்தார். தாசி குலத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். சட்டம் வந்தது 1947-இல்.

இந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ‘உங்கள் பெண்களைக் காப்பாற்ற வந்தோம்’ என்று சொல்லிக்கொண்டே நாட்டைப் பிடித்தவர்கள் உண்டு. எகிப்தை ஆண்ட பிரிட்டிஷ் அதிகாரி குரோமர் பிரபு, அங்கே பெண்கள் முக்காட்டுக்குள் ஒடுக்கப்படுகிறார்கள் என்று உருகி எழுதினார். வீடு திரும்பியதும் இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று போராடிய சங்கத்துக்குத் தலைவரானார்! ஆகவே இந்தப் பேச்சைப் பேசுகிறவர் யார், எதற்குப் பேசுகிறார் என்று பார்ப்பது சரியான புத்திதான். ஆனால் அந்தப் புத்தியை ருக்மாபாயின் வாயை மூடப் பயன்படுத்தக் கூடாது.

பண்பாட்டு உரிமை என்று ஒன்று இல்லையா? சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது?

இருக்கிறது. அந்தப் பண்பாடு பெண்களுக்கும் சொந்தம் என்பதுதான் மறக்கப்படுகிறது. 1979-இல் ஐ.நா. ஏற்ற பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை, ஐந்தாம் பிரிவில், ஆண் உயர்ந்தவன் பெண் தாழ்ந்தவள் என்ற எண்ணத்தில் நிற்கும் வழக்கங்களை மாற்றும் கடமையை அரசுகள் மேல் போடுகிறது. இலங்கை 1981-இலும் இந்தியா 1993-இலும் ஏற்றன. 1993-இன் ஐ.நா. பிரகடனம் இன்னும் நேராகப் பேசுகிறது: பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் கடமையிலிருந்து தப்ப எந்த அரசும் வழக்கத்தையோ மரபையோ மதத்தையோ காரணம் காட்டக் கூடாது.

பெண்ணுறுப்புச் சிதைப்பை டாக்டரை வைத்துப் பாதுகாப்பாகச் செய்தால் பரவாயில்லையா?

இல்லை. எகிப்தில் 2007-இல் ஒரு சிறுமி மருத்துவரின் கையில்தான் இறந்தாள், அடுத்த ஆண்டு அங்கே அது குற்றமாக்கப்பட்டது. மயக்க மருந்து வலியைக் குறைக்கலாம். எடுக்கப்பட்ட உறுப்பைத் திருப்பித் தராது.

அடி உதை இல்லாத வழக்கங்களை எதற்கு இதோடு சேர்க்கிறீர்கள்? சொத்து விஷயம் குடும்ப விஷயம்தானே?

சொத்தில்லாதவள்தான் அடியை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, அதனால். வாசலைத் தாண்டினால் போக இடம் வேண்டும்.

போட்ஸ்வானாவில் எடித் முசி என்ற 80 வயது மூதாட்டியின் வழக்கு இதற்கு நல்ல பாடம். பெற்றோர் வீட்டில் பல ஆண்டுகளாக இருந்தவர். அவரும் சகோதரிகளும் காசு போட்டு அந்த வீட்டைப் பராமரித்தார்கள். ஒருநாள், தந்தையின் வேறொரு மகன் வழிவந்த பேரன் ஒருவர் வந்து, குடும்ப வீடு எங்கள் வழக்கப்படி கடைசி ஆண் மகனுக்கு, அந்த உரிமை என் அப்பாவுக்கு வந்து இப்போது எனக்கு, வெளியே போங்கள் என்றார். ஊர்வழக்கு நீதிமன்றங்களில் எடித்துக்குத் தோல்வி. 2012-இல் உயர் நீதிமன்றம், அந்த வழக்கம் அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு விரோதம் என்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் சுவாரசியமான ஒன்றைச் சொன்னது. வழக்கத்தையே ஆராய்ந்து பார்த்தால், மகள்களுக்கு வீடு கிடையாது என்று இறுக்கமான விதி எதுவும் இல்லை. குடும்பம் கூடிப் பேசி யாருக்கென்று முடிவு செய்வதே முறை. யாரோ ஒருவருக்கு வசதியான பாதியைத்தான் அதுவரை ‘வழக்கம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுக்க 2005-இலும் சட்டமானது. ஆனாலும் ‘அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் தங்கைகள் குறையவில்லை. போடாவிட்டால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்பது அவளுக்குத் தெரியும்.

‘கௌரவக் கொலை’ என்று ஏன் சொல்லக் கூடாது என்கிறீர்கள்?

அதில் கௌரவம் எங்கே இருக்கிறது? தமிழில் இந்தச் சொல்லை மாற்றியது நல்ல வேலை. ‘ஆணவக் கொலை’ என்ற சொல் செயல்பாட்டாளர்கள் வாயிலிருந்து செய்தித்தாளுக்கு ஏறி, இன்று சட்டமன்றப் பேச்சிலும் வருகிறது. கொன்றவன் தன் செயலுக்கு வைத்த பெயரை நாமும் வழிமொழிந்துகொண்டிருந்தோம், அது நின்றது.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம், பட்டப்பகல். தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரை மணந்த கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்து, சொந்தப் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். விசாரணை நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020-இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது, மற்ற ஐவரின் தண்டனையைக் குறைத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மணம் செய்வதில் தலையிட எந்தப் பஞ்சாயத்துக்கும் உரிமை இல்லை, மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உத்தரவிட்டது. சாதியின் காவல் பெண்ணின் திருமணத்தில்தான் நிற்கிறது. அதனால்தான் மகன் ஓடிப்போனால் சில காலம் கோபம், மகள் ஓடிப்போனால் அரிவாள்.

சட்டம்தான் இருக்கிறதே, பிறகு ஏன் நடக்கிறது?

இந்தியாவில் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. இன்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் வரதட்சணைச் சாவுகள் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேல். உடன்கட்டை 1829-லேயே தடையானது. 1987 செப்டம்பரில் ராஜஸ்தானின் தேவராலா கிராமத்தில் 18 வயது ரூப் கன்வர் கணவரின் சிதையில் எரிந்தபோது ஊரே திரண்டு நின்று பார்த்தது. அதற்குப் பிறகுதான் உடன்கட்டையைப் போற்றுவதையும் குற்றமாக்கிய சட்டம் வந்தது.

நேபாளத்தின் தூர மேற்கில் மாதவிலக்கான பெண்ணை ‘சவ்பாடி’ என்று தனிக் கொட்டகையில் படுக்கவைப்பார்கள். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத மண் குடில், ஜன்னல் இல்லை. பனிக்காலத்தில் குளிருக்குத் தீ மூட்டினால் புகை வெளியே போக வழியில்லை. பெண்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள், பாம்பு கடித்து இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2005-இல் தடை சொன்னது. 2018 ஆகஸ்டு முதல், அனுப்புகிறவருக்கு மூன்று மாதச் சிறை அல்லது 3,000 நேபாள ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் யார் மேல் புகார் கொடுப்பது? மாமியார் மேலா, கணவன் மேலா? சாவு தொடர்பாக முதல் கைது 2019 டிசம்பரில்தான் நடந்தது. குடில்களை அதிகாரிகள் இடித்தால், தெய்வக்குற்றம் வரும் என்ற பயம் இடியாமல் நிற்கிறது. அந்தப் பெண் வேறொரு மூலையில், முன்னைவிட மோசமான இடத்தில் படுக்கிறாள்.

ஆகவே சட்டம் வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். காம்பியாவில் 2015-இல் வந்த பெண்ணுறுப்புச் சிதைப்புத் தடையை நீக்க 2024-இல் நாடாளுமன்றத்துக்கே மசோதா வந்தது. 2023-இல் முதன்முறையாக மூன்று பெண்கள் தண்டிக்கப்பட்ட பிறகுதான் அந்த எதிர்ப்பு கிளம்பியது. ஏட்டில் கிடந்தவரை யாருக்கும் அந்தச் சட்டம் உறுத்தவில்லை. ஜூலையில் மசோதா தோற்றது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இப்படி நடக்கிறது. நான் என்ன செய்வது?

முதல் காரியம், அவளிடம் தனியாகப் பேசுங்கள். என்ன வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும். நேராக வீட்டுப் பெரியவர்களிடம் போய் நியாயம் கேட்பது நல்ல மனசோடு செய்யும் பெரிய தப்பு. அன்று இரவே அவளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது கல்யாணத் தேதியை முன்னால் இழுப்பார்கள். ‘உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிறவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். 2018-இல் கிர்கிஸ்தானில், கடத்தப்பட்டு மீட்கப்பட்ட மருத்துவ மாணவி ஒருவரைக் கடத்தியவனோடு சேர்த்துக் காவல் நிலையத்தின் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். அங்கேயே அவன் அவளைக் குத்திக் கொன்றான்.

இந்தியாவில் பெண்களுக்கு 181, குழந்தைத் திருமணம் என்றால் 1098, உடனடி ஆபத்து என்றால் 112. நடக்கப்போகும் குழந்தைத் திருமணத்தை நிறுத்த நீதித்துறை நடுவர் தடையுத்தரவு போடலாம். அதை மீறிச் செய்த கல்யாணம் செல்லாது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். வீட்டு வன்முறை என்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் வழியாகவே மனுக் கொடுக்கலாம். இலங்கையில் பெண்களுக்கு 1938, குழந்தைகளுக்கு 1929, போலீசுக்கு 119.

ஆதார், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அசலை எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அவளுடைய போனை வீட்டில் யாராவது எடுத்துப் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொண்டு பிறகு செய்தி அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கும் பெண்ணை ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை’ என்று ஊருக்குக் கூட்டிப் போய்க் கட்டிவைக்கும் பயம் இருந்தால், பிரிட்டனில் கர்மா நிர்வாணா என்ற அமைப்பு சொல்லிக்கொடுத்த ஒரு வழி இருக்கிறது. உள்ளாடைக்குள் ஓர் உலோகக் கரண்டியை மறைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போவது. சோதனை வாயிலில் கருவி கத்தும், அதிகாரிகள் தனியறைக்கு அழைத்துப் போவார்கள். குடும்பத்தார் பக்கத்தில் இல்லாத அந்த இரண்டு நிமிடத்தில் அவள் சொல்லிவிடலாம்.